ஏடுகளுக்குள் மடிந்த கட்டத் துணி: மெட்ராஸ் நெசவின் மாதிரிகளும் அவற்றின் காப்பகங்களும்

ஆவணக் காப்பகத்தின் அரும்பொருள் என்றால் ஓலைச்சுவடி, செப்பேடு, முதற்பதிப்பு, கையெழுத்துப் பிரதி ஆகியவையே நினைவுக்கு வரும். பாரிஸ், இலண்டன், பிரெஸ்டன் போன்ற நகரங்களின் சேகரிப்புகளில் இவற்றோடு இன்னொரு வகைப் பொருளும் இருக்கிறது. தாளில் ஒட்டியோ தைத்தோ குண்டூசி குத்தியோ வைத்த பருத்தித் துணித் துண்டுகள் அவை. அவற்றில் ஒரு பகுதி சோழமண்டலக் கரையில் நெய்யப்பட்டது. அரசவைப் பட்டும் கோயில் திரைச்சீலையும் அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழைக்குள் இடம்பெற்றன. அன்றாடத் துணியோ பெரும்பாலும் இத்தகைய துண்டுகளாகவே மிஞ்சியிருக்கிறது.

காரணம் எளிது. பருத்தித் துணி உடுத்தத் தேயும். தேய்ந்த புடவை தொட்டிலாகும், பிறகு கரித்துணியாகும், கடைசியில் விளக்குத் திரியாகும். எஞ்சியதைக் கடற்கரை ஈரமும் கரையானும் பார்த்துக்கொள்ளும். யாரும் உடுத்தாத துணிக்குத்தான் நீண்ட ஆயுள். அப்படி உடுத்தாமலே இருந்துவிட்ட துணி, வணிகர் வெட்டி வைத்த சாம்பிள்.

சென்னையின் தெற்கே, பல்லாவரத்தை அடுத்து அடையாற்றின் கரையில் உள்ள அனகாபுத்தூர் இந்த வரலாற்றோடு நேரடியாகத் தொடர்புடையது. 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சியில் இன்று அது ஒரு பகுதி; இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அது ஒரு தறி ஊர். அங்கே நெய்த ‘ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்’ என்ற கட்டத் துணி, வணிகர் வழக்கில் ஆர்.எம்.எச்.கே., மேற்கு ஆப்பிரிக்காவுக்கு, குறிப்பாக நைஜீரியாவுக்கு, கப்பலேறியது. பெயரில் கைக்குட்டை இருந்தாலும் அது சட்டைப் பையில் மடித்து வைக்கும் துணி அன்று. சுமார் 36 அங்குல அகலமும் 8 கெஜ நீளமும் கொண்ட பீஸாகவே அது விற்பனைக்குப் போனது. வாங்கியவர்கள் அதை இடுப்பில் சுற்றினார்கள், தலையில் கட்டினார்கள், சடங்குகளில் விரித்தார்கள். அனகாபுத்தூர், சென்னையைச் சுற்றிய பிற நெசவூர்கள், ஆந்திரத்துச் சீராலா ஆகிய இடங்களின் தறிகள் இந்தச் சந்தைக்காக ஓடின.

இந்த நெசவு மரபின் சான்றுகளைத் தேடிப் போனால் மூன்று வகை ஆவணங்கள் கிடைக்கின்றன. துணியின் பெயர் மட்டும் உள்ளவை முதல் வகை. துணியே உள்ளவை இரண்டாவது. துணி உருவான முறை உள்ளவை மூன்றாவது. மூன்றாவது வகைதான் மிக அரிது, அதன் மதிப்பும் மிகப் பெரிது.

பெயர் உண்டு, துணி இல்லை

சென்னை எழும்பூரில் 1909இல் கட்டி முடிக்கப்பட்ட கட்டடத்தில் இயங்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், கிழக்கிந்தியக் கம்பெனியின் புனித ஜார்ஜ் கோட்டைப் பதிவேடுகளை 1670 முதல் வைத்திருக்கிறது. மெட்ராஸில் கம்பெனியின் முதன்மைச் சரக்கு துணி. ஆகவே ஆலோசனைக் குறிப்புகளிலும் இலண்டனுக்குப் போன கடிதங்களிலும் துணி வகைகளின் பெயர்கள் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன: லாங் கிளாத், சேலம்பூர், மூரி, பெத்தில்லா, அலிஜா, ருமால், கிங்காம். எத்தனை பீஸ் வந்தது, எது தரம் குறைந்தது, எந்த வணிகருக்கு எவ்வளவு முன்பணம் என்பதெல்லாம் அங்கே உண்டு.

நெசவாளரைக் கோட்டைக்கு அருகிலேயே குடியமர்த்திய முயற்சிகளும் இந்தப் பதிவேடுகளில் தெரிகின்றன. ஜோசப் காலெட் ஆளுநராக இருந்த 1717–1720 காலத்தில் திருவொற்றியூர் அருகே நெசவாளருக்கென எழுந்த குடியிருப்பு, அவர் பெயராலேயே இன்று காலடிப்பேட்டை. 1734இல் ஜார்ஜ் மார்ட்டன் பிட் ஆளுநராக இருந்தபோது உருவான சிந்தாதிரிப்பேட்டை நூற்போர், நெய்வோர், சாயமிடுவோர், வெளுப்போர் ஆகியோருக்கான ஊர். கம்பெனிக்கு வேண்டியது ஒரே அளவில், ஒரே தரத்தில், குறித்த நாளில் கிடைக்கும் துணி. தறி தொலைவில் இருந்தால் அது கைகூடாது.

நகருக்கு வெளியே இருந்த சிற்றூர்களைப் பற்றிய சிறந்த ஆவணம் வேறொன்று. ஆற்காட்டு நவாப் முகமது அலி 1763இல் செங்கல்பட்டுச் சீமையைக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். கம்பெனியின் பொறியாளர் தாமஸ் பர்னார்டு 1767 முதல் 1774 வரை அதன் சுமார் 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். இன்றைய சென்னையின் தெற்குப் புறநகர்கள் பெரும்பாலும் அந்தச் சீமைக்குள் அடங்கியவை. நிலம், ஏரி, கோயில், மானியம், வீடுகள், குடிகளின் தொழில் என ஒவ்வோர் ஊருக்கும் தனித்தனியே கணக்கு உண்டு. ஆங்கிலச் சுருக்கங்கள் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருப்பதை 1960களில் வெளிக்கொணர்ந்தவர் வரலாற்று ஆய்வாளர் தரம்பால். அவற்றுக்கு மூலமான தமிழ் ஓலைக் கணக்குகளில் ஒரு பகுதி தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய இரண்டு ஊர்களின் ஓலைகளைச் சென்னையிலுள்ள கொள்கை ஆய்வு மையம் 2001இல் நூலாக்கியது.

எத்தனை வீட்டார் எந்தத் தொழில் செய்தார்கள் என்று இந்தக் கணக்கு சொல்லும். அவர்கள் நெய்த துணி எப்படி இருந்தது என்று சொல்லாது. கம்பெனிப் பதிவேட்டின் நிலையும் அதுவே. இதே கரையில் ‘அலிஜா’ என்ற பெயரில் எந்த அகலத்தில், எந்த நிறக் கோட்டில் துணி நெய்தார்கள் என்பதை எழுத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியவில்லை. அன்று அந்தப் பெயரை எழுதியவருக்கும் படித்தவருக்கும் முன்னால் துணி கிடந்தது. விளக்கத் தேவை எழவில்லை.

துணி உண்டு, நெய்தவர் இல்லை

இந்தியத் துணிக்கு ஐரோப்பாவில் எழுந்த மோகம் உள்ளூர் நெசவாளரை அச்சுறுத்தியது. அச்சிட்டதும் வரைந்ததுமான இந்தியப் பருத்தித் துணியின் இறக்குமதியை இங்கிலாந்து 1700ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டுப்படுத்தியது. 1721ஆம் ஆண்டுச் சட்டம் அதன் பயன்பாட்டையே தடுத்தது. மறு ஏற்றுமதிக்குத் தடை இல்லை. எனவே இலண்டன் ஏலத்தில் போன இந்தியத் துணி ஆப்பிரிக்கக் கடற்கரைக்கும் கரீபியத் தீவுகளுக்கும் போய்க்கொண்டே இருந்தது. ஆப்பிரிக்காவில் அடிமைகளை வாங்கக் கொடுத்த சரக்குகளில் இந்தியக் கட்டத் துணிக்கும் கோட்டுத் துணிக்கும் முக்கிய இடம் இருந்தது. இந்தியச் சரக்கு போதாதபோது ‘மான்செஸ்டர் செக்’ என்ற போலிக் கட்டத் துணி அந்த இடத்தை நிரப்பியது.

அந்தக் காலத்துச் சாமானியர் உடுத்திய துணிக்குச் சான்றாக நிற்பது ஒரு துயரமான சேகரிப்பு. தாமஸ் கோரம் முயற்சியால் இலண்டனில் தொடங்கிய கைவிடப்பட்ட குழந்தைகளின் இல்லம் 1741 முதல் 1760 வரை 16,282 குழந்தைகளை ஏற்றது. பின்னால் குழந்தையை மீட்க வந்தால் அடையாளம் காட்டுவதற்காகத் துணித் துண்டு ஒன்றைப் பதிவுப் படிவத்தில் குத்தி வைத்தார்கள். அப்படிச் சேர்ந்த சுமார் 5,000 துண்டுகள் அந்த இல்லத்தின் பதிவேடுகளோடு இலண்டன் நகர ஆவணக் காப்பகத்தில் உள்ளன. வரலாற்றாசிரியர் ஜான் ஸ்டைல்ஸ் 2010இல் அவற்றைக் காட்சிக்கு வைத்தார். கோடும் கட்டமும் பூவும் போட்ட அந்தத் துண்டுகளில், இந்தியத் துணியின் சாயல் ஆங்கில ஏழைப் பெண்களின் உடை வரை இறங்கிவிட்டது தெரிகிறது. மீட்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை மிகச் சிறிது. துண்டுகள் படிவங்களிலேயே தங்கிவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

வணிக நோக்கில் திட்டமிட்டுச் செய்த மாபெரும் மாதிரித் தொகுப்பு ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சனுடையது. ஸ்காட்லாந்தில் பிறந்த மருத்துவரான அவர், இந்திய விளைபொருள்களுக்கான அறிக்கையாளராக இலண்டனில் பணியாற்றினார். அங்கிருந்த இந்திய அருங்காட்சியகத்தின் இருப்பிலிருந்த துணிகளை வெட்டி, 700 மாதிரிகளை 18 தொகுதிகளில் அமைத்து 1866இல் வெளியிட்டார். ஒரே மாதிரியான 20 கணங்கள் தயாராயின. 13 பிரிட்டனின் தொழில் நகரங்களுக்கும் 7 இந்தியாவுக்கும் ஒதுக்கப்பட்டன. இந்திய நகரங்களில் மெட்ராஸும் ஒன்று. ‘இந்திய மக்களின் நெசவுப் பொருள்களும் உடைகளும்’ என்ற விளக்க நூலும் அதே ஆண்டில் வெளிவந்தது.

ஒரு தாளை எடுத்துப் பார்த்தால் வாட்சனின் கணக்கு புரியும். நடுவில் ஏறத்தாழ 14 அங்குலத்துக்கு 8 அங்குலத் துணித் துண்டு. மேலே வரிசை எண். கீழே துணியின் வகை, முழு நீளம், அகலம், எடை, வந்த ஊர். முழு நீளமும் அகலமும் தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. தலைப்பாகை, வேட்டி, லுங்கி, புடவை எல்லாம் தறியிலிருந்து இறங்கியதுமே உடுத்தத் தயாரானவை. வெட்டுவதும் இல்லை, தைப்பதும் இல்லை. அளவு தவறினால் அது உடையே ஆகாது. இந்தியர் எதை உடுத்துகிறார்கள் என்று அறியாத லங்காஷயர் ஆலைக்காரருக்கு இந்தச் செய்தி பொன். வரிசை எண்ணுக்கும் பயன் இருந்தது. எல்லாக் கணங்களும் ஒன்றுபோல இருப்பதால் மெட்ராஸிலிருக்கும் வியாபாரி எண்ணைக் குறிப்பிட்டு எழுதினால் பிரிட்டனிலிருக்கும் உற்பத்தியாளர் அதே மாதிரியைப் புரட்டிப் பார்க்கலாம்.

இந்த ஏற்பாட்டில் நெசவாளரின் பெயருக்கு இடமே இல்லை. அவருடைய சந்தையை ஆலைத் துணிக்கு மாற்றிக் கொடுப்பதற்காகவே தொகுப்பு உருவானது. காலப்போக்கில் அதன் பயன் தலைகீழாயிற்று. ஆலைகள் மூடின, தொகுதிகள் நூலகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் போய்ச் சேர்ந்தன, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஆரணி மஸ்லினும் மெட்ராஸ் கட்டமும் எப்படி இருந்தன என்பதற்கு இன்று அவையே முதன்மைச் சான்று. பிரெஸ்டன் நகரின் ஹாரிஸ் அருங்காட்சியகத்திலுள்ள கணம் எண்ணிமப் படங்களாகவும் இணையத்தில் வெளியிடப்பட்டது. போட்டிக்காக வெட்டிய துண்டு, போட்டியில் தோற்றவரின் நினைவேடாகிவிட்டது.

ஒரு துண்டிலிருந்து முழுத் துணி

இரண்டங்குலத் துணி எப்படி ஆவணமாக முடியும் என்பதைக் கட்டத் துணியே நன்றாக விளக்கும். பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளில், ஒரு நிற வரிசை இருக்கும். எடுத்துக்காட்டாக, சிவப்பு 40 இழை, வெள்ளை 4, நீலம் 12, மறுபடி வெள்ளை 4. குறுக்கே போகும் ஊடையிலும் அதே வரிசையில் நாடாவை மாற்றி மாற்றி ஓட்டினால் கட்டம் விழும். சிவப்புப் பாவை நீல ஊடை கடக்கும் இடத்தில் கண்ணுக்கு மூன்றாவதாக ஒரு நிறம் தெரியும். சாயத் தொட்டியில் அப்படி ஒரு நிறமே இருந்திருக்காது. இந்த வரிசை ஒருமுறை முழுதாக முடியும் அளவுக்குத் துண்டு இருந்தால் போதும். நெசவு தெரிந்தவர் பூதக்கண்ணாடி வைத்து இழை எண்ணி, ஓர் அங்குலத்துக்கு எத்தனை பாவு, எத்தனை ஊடை என்று குறித்துக்கொண்டு அதே துணியைத் தறியில் ஏற்றிவிடலாம். இசைக் குறிப்பைப் பார்த்துப் பாடுவதற்கு ஒப்பான வேலை அது.

வரிசை முடிவதற்குள் வெட்டுப்பட்ட துண்டு அந்த அளவுக்கு உதவாது. கரையும் முந்தியும் மாதிரிக்குள் வராவிட்டால் துணியின் நடுவுடல் மட்டுமே தெரியும். எந்தக் கஞ்சி, எந்தச் சாய வேர், பாவு எந்த ஈரத்தில் ஓடியது என்பதைத் துண்டு தானாகச் சொல்லாது. சாயத்தை ஆய்வுக்கூடத்தில் பிரித்தறியலாம். கையின் பழக்கத்தைப் பிரித்தறிய வழியில்லை.

முறையும் உண்டு

இந்தக் குறையைத் தீர்க்கும் ஆவணம் ஒன்று பாரிஸில், தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் நூலகத்தில் இருக்கிறது. 1734 வாக்கில் பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி பியூலியூ புதுச்சேரிக்கு வந்தார். சோழமண்டல வண்ணத் துணி எவ்வாறு உருவாகிறது என்று பார்த்து வரும்படி வேதியியலறிஞர் து ஃபே அவரைக் கேட்டிருந்தார். பியூலியூ சாயக்காரரின் வேலையைப் படிப்படியாகக் கவனித்து எழுதினார். ஒவ்வொரு படி முடிந்ததும் துணியின் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டார். அந்தத் துண்டுகள் குறிப்புகளோடு சேர்ந்தே பாதுகாக்கப்பட்டுள்ளன.

வண்ணத் துணி வேலையின் வரிசை சோழமண்டலம் முழுவதும் ஏறத்தாழ ஒன்றே. வெளுத்த துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்துவார்கள். கரித்தூள் தட்டிக் கோலத்தைத் துணிக்கு மாற்றுவார்கள். இரும்புக் கரைசலால் கறுப்புக் கோடு எழுதுவார்கள். சிவப்பு வர வேண்டிய இடங்களில் படிகாரம் தடவிச் சாயவேரில் காய்ச்சுவார்கள். நீலம் கூடாத பகுதிகளை மெழுகால் மூடிவிட்டு அவுரித் தொட்டியில் முக்குவார்கள். மெழுகை நீக்கிய பின் மஞ்சளைத் தூரிகையால் இடுவார்கள். நீலத்தின் மேல் விழுந்த மஞ்சள் பச்சையாகும்.

முடிந்த துணியில் இந்தப் படிகள் ஒன்றன்மேல் ஒன்றாக மறைந்துபோகும். படிகாரம் தடவிய நிலை, மெழுகு பூசிய நிலை ஆகியவற்றை யாரும் விற்கவும் இல்லை, சேர்த்து வைக்கவும் இல்லை. பாதி வேலையில் நின்ற துணி பியூலியூவின் ஏட்டில் இருப்பதால்தான் சேகரிப்பாளர்களும் வேதியியலாளரும் அதை மீண்டும் மீண்டும் நாடிச் செல்கிறார்கள். இயேசு சபைப் பாதிரியார் கேர்தூ 1742இல் எழுதிய புகழ்பெற்ற கடிதமும் இதே தொழிலை விவரிக்கிறது. ஆனால் அது எழுத்து மட்டுமே. எழுத்தையும் துணியையும் அருகருகே வைத்தது பியூலியூவின் சிறப்பு. அவரும் தொழில் இரகசியத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகவே வந்தவர். சாயக்காரரின் பெயர் அவருடைய ஏட்டிலும் கிடைக்காது.

கடல் கடந்த பெட்டிகள்

அனகாபுத்தூர் வகைக் கட்டத் துணியின் சேகரிப்புகளில் ஒன்று எந்த அரசும் நடத்தாதது. நைஜர் நதியின் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் மெட்ராஸ் துணியை ‘இஞ்சிரி’ என்கிறார்கள். குழந்தை பிறப்பு முதல் இறப்பு வரை எல்லாச் சடங்குகளிலும் அதற்கு இடம் உண்டு. குடும்பத்தின் மூத்த பெண்கள் அதைப் பெட்டியில் சேர்த்து வைத்து அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பார்கள். பெரியவர் இறந்தால் அலங்கரிக்கும் கட்டிலில் அந்தப் பெட்டியின் துணிகள் விரியும். அமெரிக்க ஆய்வாளர் ஜோன் ஐக்கர், நைஜீரிய ஆய்வாளர் டோன்யே எரெகோசிமா ஆகியோர் 1980களிலிருந்து இதைப் பற்றி விரிவாக எழுதினர்.

கலபாரிப் பெண்கள் துணியை அப்படியே உடுத்துவதோடு நிற்கவில்லை. கட்டத் துணியின் சில இழைகளை ஊசியால் தூக்கிக் கத்தியால் அறுத்து உருவி எடுக்கிறார்கள். நிறம் ஒன்று போக மற்றொன்று தங்க, சல்லடைக் கண்போல் புதிய கோலம் பிறக்கிறது. ‘பெலெத்தே பித்தே’ எனப்படும் இந்தத் துணிகள் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் உள்ளிட்ட நிறுவனங்களில் ஆப்பிரிக்கப் பிரிவில் இருக்கின்றன. அதன் அடித்துணி தமிழ்நாட்டுத் தறியில் இறங்கியது என்பதை அறிய அட்டையின் விவரத்தை முழுதாகப் படிக்க வேண்டியிருக்கும். இந்தியத் துணியைத் தேடுவோர் இந்தியப் பிரிவோடு நின்றுவிட்டால் ஆர்.எம்.எச்.கே.யின் சிறந்த சான்றுகள் கண்ணில் படாமலே போகும். கரீபியத் தீவுகளின் சேகரிப்புகளுக்கும் இது பொருந்தும். குவாதலூப், மார்ட்டினிக் பெண்களின் தலைக்கட்டுக்கு ‘மத்ராஸ்’ என்றே பெயர்.

அனகாபுத்தூரின் இன்றைய நிலை

1970களில் நைஜீரியா துணி இறக்குமதிக்குத் தடை விதித்ததும் அனகாபுத்தூரின் ஏற்றுமதி சரிந்தது. ஒரே வாங்குவோரை நம்பிய தறிகள் புடவைக்கும் வேறு சரக்குக்கும் மாறின. பலர் தொழிலையே விட்டார்கள். எஞ்சியவர்களில் ஒரு குழு சணல், வாழைநார், கற்றாழை நார் போன்ற இயற்கை இழைகளைப் பருத்தியோடு சேர்த்து நெய்யத் தொடங்கியது. 25 வகை இயற்கை இழைகளால் அங்கு நெய்த புடவை லிம்கா சாதனைப் புத்தகத்தில் பதிவானது.

இந்த மாற்றத்தில் பழைய துணியின் ஆவணங்கள் யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் போகும் ஆபத்து உண்டு. ஏற்றுமதித் துணி உள்ளூரில் யாரும் உடுத்தாதது. ஆகவே வீட்டுப் பெட்டிகளில் அது தங்க வாய்ப்புக் குறைவு. ஏற்றுமதியாளரின் சாம்பிள் புத்தகம், டிசைன் எண்ணும் நிற வரிசையும் குறித்த ஆர்டர் சீட்டு, கூட்டுறவுச் சங்கத்தின் கூலிப் புத்தகம், சாயப் பட்டறைக் குறிப்பேடு ஆகியவை கணக்கு முடிந்ததும் பழைய பேப்பர் கடைக்குப் போகக்கூடியவை. இத்தகைய தாள்களுக்கும் நூலகத்தில் இடம் உண்டு என்று தமிழ்நாட்டில் காட்டியவர் கோட்டையூர் ரோஜா முத்தையா. நூல்களோடு நாடக நோட்டீசையும் திருமண அழைப்பிதழையும் அவர் சேர்த்தார்; அவர் 1992இல் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கிய அந்தத் திரட்டு சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாயிற்று. நெசவூர்களின் தாள்களுக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை.

பிரெசிடென்சிக் கால நூல்கள் ஓரளவு துணை செய்கின்றன. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன் 1897இல் எழுதிய பருத்தித் துணித் தொழில் பற்றிய சிறுநூல், நாராயண ராவின் 1929ஆம் ஆண்டுக் குடிசைத் தொழில் ஆய்வறிக்கை, என். ஜி. ரங்கா 1930இல் எழுதிய கைத்தறிப் பொருளாதார நூல் ஆகியவை ஊர், தறி, கூலி, சந்தை பற்றிப் பேசுகின்றன. அவையும் முதல் வகையைச் சேர்ந்தவை. துணி அவற்றில் இல்லை.

துணி மாதிரிகளைக் காப்பதற்கென்றே சில விதிகள் உண்டு. ஒளி சாயத்தை வெளிறச் செய்யும்; எனவே ஏடு மூடியே இருக்க வேண்டும். இரும்புக் கறுப்பு எழுதிய இடத்தில் பருத்தி நாளடைவில் அரிக்கப்பட்டு உதிரும். மடிப்பு விழுந்த இடத்தில் இழை முறியும். அமிலம் மிகுந்த தாளில் ஒட்டிய துண்டு பழுப்பேறும். எண்ணிமப் படம் இந்தச் சேதங்களைத் தவிர்க்க உதவும், ஆனால் எடையையும் தொடு உணர்வையும் அதில் ஏற்ற முடியாது. இழை எண்ணிக்கையும் பக்கத்தில் அளவுகோல் வைத்து நெருங்கி எடுத்த படத்தில்தான் தெரியும். 2023ஆம் ஆண்டுத் தேசியக் கைத்தறி நாளில் ஒன்றிய அரசு தொடங்கிய துணி, கைவினை மின்களஞ்சியம் இந்தத் திசையில் ஒரு முயற்சி.

அனகாபுத்தூர் போன்ற ஊருக்குப் பொருத்தமான முன்மாதிரி வாட்சனைவிடப் பியூலியூவே. நெய்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே பாவு ஓடுவதிலிருந்து கஞ்சி போட்டு மடிப்பது வரை ஒவ்வொரு படியையும் துண்டோடும் குறிப்போடும் பதியலாம். டிசைன் எண்ணுக்கு எதிரே நிற வரிசையும், அதற்கு எதிரே நெய்தவரின் பெயரும் ஊரும் ஏறினால், இந்தச் சேகரிப்புகளில் விடுபட்டுப்போன பத்தியும் நிரம்பும்.